கையை எடுங்க மச்சான்

டிரைவர்: கையை எடுங்க மச்சான்.

மெக்கானிக்: எந்தக் கையை?

டிரைவர்: உங்களுக்கு எத்தனை கை? கியர் ராடு மேல இருக்கே, அந்தக் கையை. மலை ஏற ஆரம்பிச்சதிலேருந்து பாக்குறேன், கோழி அடைகாக்கிற மாதிரி அது மேலயே வெச்சிருக்கீங்க.

மெக்கானிக்: வேற எங்க வைக்கிறதுன்னு தெரியல மாப்ள. மடியில வெச்சா தூக்கம் வருது.

டிரைவர்: ஜன்னல்ல வைங்க.

மெக்கானிக்: காத்து அடிக்குது.

டிரைவர்: நான் கியர் மாத்த வேண்டாமா? ஒவ்வொரு தடவையும் உங்க கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் மாத்துறேன். எதிர்ல வர்ற லாரிக்காரன் என்ன நினைப்பான்?

மெக்கானிக்: மச்சானும் மாப்பிள்ளையும் என்னா ஒத்துமைன்னு கண்ணு வைப்பான். அதோ பாரு, டீக்கடை. நிறுத்து.

டிரைவர்: இப்பத்தானே குடிச்சோம். அதுவும் ரெண்டு.

மெக்கானிக்: மூணாவதையும் குடிக்கலாம். இதுக்கு அப்புறம் ஒரே இறக்கம். இஞ்சின் கொஞ்சம் ஆறட்டும். நீ டீயை ஆத்திக் குடிச்சுக்கிட்டு இரு, நான் அப்படியே கீழ படுத்து, கியர் பாக்ஸை ஒரு தடவை…

டிரைவர்: எதுக்கு?

மெக்கானிக்: சும்மாதான். ஆயில் கீயில் கசியுதான்னு.

டிரைவர்: பத்து நாள் முன்னாடிதானே முழுசா பிரிச்சு மாட்டினீங்க?

மெக்கானிக்: அதான்… பத்து நாள் ஆயிடுச்சே.

டிரைவர்: வேண்டாம் மச்சான். உங்க வேலை மேல எனக்கு முழு நம்பிக்கை. என்ன, பாராட்டினா முகம் இப்படிச் சுருங்குது?

மெக்கானிக்: வெயில்.

டிரைவர்: மூணு மணிக்குள்ள கீழ சரக்கை இறக்கணும். அடுத்த வாரம் அங்க ஒரு புது ஹாஸ்டலைத் திறக்கிறாங்களாம். ரெண்டாயிரம் பிள்ளைங்க வந்து நிக்கும், கட்டடத்துல ஒரு கக்கூஸ்கூட இல்லை. எல்லாம் நம்ம முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு.

மெக்கானிக்: எத்தனை?

டிரைவர்: நானூறு. அத்தனையும் பீங்கான். வைக்கோல் சுத்தி அடுக்கியிருக்கு. மொத்தம் பன்னிரண்டு டன்.

மெக்கானிக்: பன்னிரண்டு டன் கக்கூஸ்… ஏன் மாப்ள, இரும்புக் கம்பி, சிமெண்ட் மூட்டைன்னு கௌரவமா ஒண்ணும் கிடைக்கலையா? வழியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நானூறு கக்கூஸுக்கு அடியில போனான்னு சொல்லி சனங்க அழறதா சிரிக்கிறதா?

டிரைவர்: நல்ல வார்த்தையா பேசுங்க. போர்டு வந்தாச்சு. பதினாலு கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியருக்கு இறக்கிக்கோன்னு போட்டிருக்கான், நான் எப்பவும் மூணாவதுலதான்.

மெக்கானிக்: நானா இருந்தா ஒண்ணாவதுல போவேன்.

டிரைவர்: ஒண்ணாவதுல போனா நாளைக்குக் காலையில கீழ இருப்போம். பின்னாடி பாருங்க, பஸ்காரன் ஒட்டிக்கிட்டு வர்றான். இப்பவே ஹாரன்.

மெக்கானிக்: அவனை விடு. மாப்ள, பாக்கெட்ல என்ன?

டிரைவர்: எந்த பாக்கெட்ல?

மெக்கானிக்: சட்டைப் பாக்கெட்ல. கிளம்பினதுலேருந்து ஏழு தடவை தொட்டுப் பாத்துட்டே.

டிரைவர்: பேனா.

மெக்கானிக்: பேனா ஓடியா போயிடும்?

டிரைவர்: நீங்க கியர் ராடைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க, நான் பாக்கெட்டைத் தொடக்கூடாதா? கையை எடுங்க, முதல் வளைவு வருது… மூணாவது… ஆங். போட்டாச்சு. பாத்தீங்களா, வெண்ணெய் மாதிரி விழுது. இந்த மாதிரி வேலை யாரால…

மெக்கானிக்: மாப்ள.

டிரைவர்: என்னது அது?

மெக்கானிக்: 'டக்'ன்னுச்சு.

டிரைவர்: கியர் வெளிய வந்துடுச்சு. மச்சான், கியர் தானா வெளிய வந்துடுச்சு. நியூட்ரல்ல போகுது.

மெக்கானிக்: பிரேக்… மெல்ல, மெல்ல. உடனே அமுக்காதே.

டிரைவர்: இருபதுல வந்தேன், இப்ப முப்பத்தி மூணு.

மெக்கானிக்: கிளட்ச் மிதி. ஒரு உதை கொடு ஆக்சிலேட்டருக்கு. நான் இழுக்கிறேன்… உதை… ஆங்.

டிரைவர்: விழுந்துச்சா?

மெக்கானிக்: விழுந்துச்சு. இப்ப கையை எடுக்கட்டுமா?

டிரைவர்: எடுக்காதீங்க மச்சான். தயவு செஞ்சு எடுக்காதீங்க.

மெக்கானிக்: ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி என்னமோ சொன்னே.

டிரைவர்: அது போன வளைவுல. என்ன ஆச்சு இதுக்கு? ஏன் துள்ளுது?

மெக்கானிக்: பாரம்… இறக்கம்… பின்னாடியிருந்து பன்னிரண்டு டன் தள்ளுது. மூணாவது துள்ளிடுச்சு. அவ்வளவுதான்.

டிரைவர்: ரெண்டாவதுக்குப் போயிடலாமா?

மெக்கானிக்: ரெண்டும் மூணும் உள்ள ஒரே கம்பியிலதான் ஓடுது. இது துள்ளினா அதுவும் துள்ளும். அதுவும் போட்டு எடுக்கிற நேரத்துல நியூட்ரல்ல இன்னும் ஒரு ஓட்டம் ஓடிடும்.

டிரைவர்: ஒண்ணாவது?

மெக்கானிக்: ஓடுற வண்டிக்கு ஒண்ணாவது விழாது. நிறுத்தினாத்தான் விழும். நிறுத்துவியா?

டிரைவர்: எங்க நிறுத்துறது? இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. நடு ரோட்டுல நின்னா பஸ் வந்து ஏறும். அதோட நம்ம ஹேண்ட் பிரேக்கு…

மெக்கானிக்: என்ன நம்ம ஹேண்ட் பிரேக்கு?

டிரைவர்: காலி வண்டியை நிறுத்தும். பாரத்தோட இறக்கத்துல கேக்கக்கூடாது.

மெக்கானிக்: இதை என்கிட்ட எப்ப சொல்றதா இருந்தே?

டிரைவர்: அடுத்த மாசம்.

மெக்கானிக்: அப்ப சரி. நிறுத்த வேண்டாம். நான் ராடைப் பின்னாடி இழுத்துப் புடிச்சுக்கிட்டே இருக்கேன், நீ ஓட்டு. இது எத்தனாவது?

டிரைவர்: பதிமூணு முடிஞ்சுது. இனிமே பன்னிரண்டு. போர்டுல எண்ணிக்கை இறங்கிக்கிட்டே வருது.

மெக்கானிக்: நல்ல போர்டு. ஒண்ணு, ரெண்டுன்னு ஏத்திக்கிட்டே போயிருந்தா, இப்பவே நெஞ்சு நின்னுருக்கும்.

டிரைவர்: மச்சான், உங்க கை நடுங்குதே.

மெக்கானிக்: கை நடுங்கல. ராடு நடுங்குது. உள்ளேயிருந்து ஒருத்தன் உதைக்கிற மாதிரி உதைக்குது. இது துள்ளப் பாக்குது, நான் இழுக்கிறேன். கயிறு இழுக்கிற போட்டிதான்.

டிரைவர்: யாரு ஜெயிக்கிறீங்க?

மெக்கானிக்: இது வரைக்கும் நான். ரோட்டைப் பாரு, என்னைப் பாக்காதே.

டிரைவர்: பதினொண்ணு.

மெக்கானிக்: பிரேக்கை ஒரேயடியா மிதிச்சுக்கிட்டே வராதே. மீட்டர்ல பிரேக் காத்து முள்ளு எங்க நிக்குது?

டிரைவர்: ஏழுல இருந்துச்சு. இப்ப ஆறு.

மெக்கானிக்: நாலரைக்குக் கீழ போனா மணி அடிக்கும். மணி அடிச்சா பிரேக் உன் பேச்சையும் கேக்காது, என் பேச்சையும் கேக்காது. கியர் புடிச்சு இருக்கிற வரைக்கும் இஞ்சினே வண்டியை இழுத்துப் புடிக்கும். அதனாலதான் இந்த ராடு முக்கியம். புரியுதா?

டிரைவர்: பதினஞ்சு வருஷமா ஓட்டுறேன், எனக்கேவா?

மெக்கானிக்: எனக்கே சொல்லிக்கிறேன்பா.

டிரைவர்: மச்சான், ஏதாவது பேசிக்கிட்டே வாங்க. சும்மா இருந்தா பயமா இருக்கு. அந்த ரிவர்ஸ் வண்டிக் கதையைச் சொல்லுங்க.

மெக்கானிக்: இப்பவா?

டிரைவர்: இப்பத்தான். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

மெக்கானிக்: அந்தக் கதை வேண்டாம் மாப்ள. வேற ஏதாவது சொல்றேன்.

டிரைவர்: அதைத்தான் சொல்லணும்.

மெக்கானிக்: ம்… சரி. வண்டி ரிவர்ஸ் கியர்ல மாட்டிக்கிச்சு. டிரைவர் ரோட்டோரமா உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கான். நான் போய் பாத்தேன். பாக்ஸைத் திறக்க ஒரு ஸ்பேனர்கூட கையில இல்ல. ஒர்க் ஷாப் அம்பது கிலோமீட்டர்.

டிரைவர்: போன தடவை இருபதுன்னீங்க.

மெக்கானிக்: ரோட்டை அகலப்படுத்தினப்ப நீளமும் ஆயிடுச்சு. குறுக்க பேசாதே. நான் ஏறி உக்காந்தேன். கழுத்தைத் திருப்பினேன். ரிவர்ஸ்லயே கிளம்பிட்டேன். வழியில ஒரு நாய் வண்டியைத் துரத்த ஆரம்பிச்சுது. கொஞ்ச தூரம் ஓடி வந்து அப்படியே நின்னு யோசிச்சுது. நான் துரத்துறேனா, இது என்னைத் துரத்துதான்னு. இன்னிக்கும் அந்த நாய் அதே இடத்துல உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருக்குன்னு சொல்றாங்க.

டிரைவர்: பத்து. சொல்லுங்க, சொல்லுங்க.

மெக்கானிக்: கல்யாண வீட்டு கார் ஒண்ணு எதிர்ல வந்துச்சு. என்னைப் பாத்துட்டு, நாமதான் தப்பான பக்கம் போறோம்னு அவங்களும் திருப்பிட்டாங்க. மாப்பிள்ளை வேற ஊருக்குப் போய்ச் சேந்தார். நான் திரும்பின கழுத்து திரும்பினதுதான், மூணு நாளைக்கு உன் அக்காகிட்ட முதுகைக் காட்டி உக்காந்துதான் பேசினேன். அப்பத்தான் முகம் தெரிஞ்சுது.

டிரைவர்: அக்கா என்ன சொன்னாங்க?

மெக்கானிக்: இப்படியே இருங்க, நிம்மதியா இருக்குன்னா. அப்புறம் ஒரு போலீஸ்காரர். கையைக் காட்டி நிறுத்தினார். எங்கய்யா போறேன்னு கேட்டார். வீட்டுக்குப் போறேன் சார்ன்னேன். அவர் லத்தியால டயரைத் தட்டி, போறேங்கிறே, அப்ப ஏன்யா வந்துக்கிட்டு இருக்கேன்னு…

டிரைவர்: ம்? அப்புறம்? மச்சான்? நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?

மெக்கானிக்: இந்த இடத்துலதான் அன்னிக்கு நீ சிரிச்சே.

டிரைவர்: என்னிக்கு?

மெக்கானிக்: பாக்ஸ் மாட்டின அன்னிக்கு. நான் வேலை பாத்துக்கிட்டே இதே கதையைச் சொன்னேன். நீ கீழ உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சே. காலை நீட்டி உதைச்சே.

டிரைவர்: சிரிச்சேன். அதுக்கென்ன இப்ப?

மெக்கானிக்: ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாரு.

டிரைவர்: நீங்க கதையைப் பாதியில நிறுத்தி நான் பாத்ததே இல்லை. ஒன்பது… எதிர்ல டேங்கர் ஏறி வருது. அவனுக்கு வழி விடணும். புடிச்சுக்கோங்க, பிரேக் போடுறேன்.

மெக்கானிக்: புடிச்சிருக்கேன்.

டிரைவர்: போயிட்டான். கையைக் காட்டிட்டுப் போறான்.

மெக்கானிக்: நீயும் காட்டு. ஒரு கையாலதான். மாப்ள, என் பெல்ட்டை எடுத்து ராடைச் சீட்டோட சேத்துக் கட்டினா என்ன? என் தோள்பட்டை கழண்டு வந்துடும் போல இருக்கு.

டிரைவர்: கட்டுங்க. எட்டு வர்றதுக்குள்ள கட்டுங்க.

மெக்கானிக்: இந்தா… ஒரு சுத்து… சீட்டுக் கம்பியில ஒரு முடிச்சு… ஆங். கையை விடுறேன். விட்டுட்டேன். நிக்குது பாரு. இதை முதல்லயே செஞ்சிருக்கலாம். மனுசன் மூளைன்னா சும்மாவா?

டிரைவர்: என்ன சத்தம்?

மெக்கானிக்: பெல்ட் அறுந்துடுச்சு.

டிரைவர்: புடிங்க, புடிங்க.

மெக்கானிக்: புடிச்சுட்டேன். துள்றதுக்குள்ள புடிச்சுட்டேன். இனிமே இறங்கும்போது பேன்ட்டையும் புடிச்சுக்கிட்டுத்தான் இறங்கணும். எல்லாத்தையும் நானே புடிச்சுக்கணும்னா எனக்கு எத்தனை கை இருக்கு?

டிரைவர்: போன் அடிக்குது.

மெக்கானிக்: யாரு?

டிரைவர்: உங்க தங்கச்சி.

மெக்கானிக்: எடுக்காதே.

டிரைவர்: எடுக்கலைன்னா இன்னும் நாப்பது தடவை அடிப்பா. நாப்பத்தி ஒண்ணாவது தடவை போலீஸுக்கு அடிப்பா. ஸ்பீக்கர்ல போடுங்க.

மெக்கானிக்: என் ரெண்டு கையும் ராடுல இருக்கு.

டிரைவர்: மூக்கால தொடுங்க.

மெக்கானிக்: ம்… ம்… தொட்டாச்சு.

போனில் தங்கை: என்னங்க, எங்க இருக்கீங்க?

டிரைவர்: மலையிலதான். இறங்கிக்கிட்டு இருக்கோம்.

போனில் தங்கை: ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?

டிரைவர்: காத்து.

போனில் தங்கை: அண்ணன் எங்க?

மெக்கானிக்: இங்கதாம்மா இருக்கேன். சும்மா சாய்ஞ்சு உக்காந்து இயற்கை காட்சியைப் பாத்துக்கிட்டு வர்றேன்.

போனில் தங்கை: அதான் அண்ணா உன்கிட்டதான் கேக்கணும். கீழே கண் டாக்டரைப் பாக்கத்தான் கூட வர்றேன்னு சொன்னே?

மெக்கானிக்: ஆமா.

போனில் தங்கை: அண்ணிகிட்ட இப்பத்தான் பேசினேன். டாக்டரைப் போன வாரமே பாத்தாச்சாமே. கண்ணு கழுகு மாதிரி இருக்குன்னு சொன்னாராமே.

மெக்கானிக்: அது… இடது கண்ணு. இது வலது கண்ணு.

போனில் தங்கை: கண் டாக்டர்கிட்ட போறவன் ஸ்பேனர் பையை எதுக்குத் தூக்கிட்டுப் போனே?

டிரைவர்: ஏழு.

போனில் தங்கை: என்னது ஏழு?

டிரைவர்: ஏழாவது வளைவு. வெக்கட்டுமாம்மா?

போனில் தங்கை: இருங்க. சட்டைப் பாக்கெட்ல அது இருக்கா? நேத்து துவைக்கும்போது எடுத்து ஜன்னல்ல வெச்சேன். ஒவ்வொரு தடவையும் எடுத்து வெக்கிறேன், நீங்களும் எடுத்துப் போட்டுக்கிறீங்க. அப்படி என்னதுங்க அந்த…

டிரைவர்: சிக்னல் இல்ல. கேக்கல. ஹலோ? கேக்கல. மச்சான், மூக்கு.

மெக்கானிக்: வெச்சாச்சு. சிக்னல் நல்லாத்தானே இருந்துச்சு?

டிரைவர்: உங்க வலது கண்ணும் நல்லாத்தான் இருக்கு.

மெக்கானிக்: பேனாவைத் துவைக்கும்போது எடுத்து ஜன்னல்ல வைப்பாளா?

டிரைவர்: ஸ்பேனரை வெச்சு கண்ணைப் பரிசோதிப்பாங்களா?

மெக்கானிக்: ரோட்டைப் பாரு.

டிரைவர்: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆறு முடிஞ்சுது. காத்து அஞ்சுக்கு வந்துடுச்சு மச்சான். பிரேக் வாசனை வருது.

மெக்கானிக்: வருது. பஸ்ல இருக்கிறவங்க எல்லாம் ஜன்னலை மூடுறாங்க.

டிரைவர்: ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது.

மெக்கானிக்: கேளு.

டிரைவர்: வேண்டாம். விடுங்க.

மெக்கானிக்: கேளுப்பா.

டிரைவர்: கேட்டா கோச்சுக்குவீங்க. முன்னாடி ஒரு தடவை கிளட்ச் வேலை முடிஞ்சதும் ஒரு போல்ட் கீழ கிடக்குதே மச்சான்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நாலு பேரு முன்னாடி கேட்டுட்டேனாம். டூல்ஸைத் தூக்கிட்டுப் போனவர் ரெண்டு வருஷம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. பிள்ளை பொறந்தப்பகூட கேட்டுக்கு வெளிய நின்னு, கம்பி இடுக்கு வழியாப் பாத்துட்டுப் போனீங்க. பிள்ளைக்கு ஒண்ணரை வயசு வரைக்கும் மாமான்னா கோடு போட்ட முகம்னு நினைச்சுக்கிட்டு இருந்துச்சு.

மெக்கானிக்: கடைசியில அந்த போல்ட் எதோடது?

டிரைவர்: எங்க கட்டில் போல்ட்.

மெக்கானிக்: அதைச் சொல்லு. கட்டில் போல்ட்டைக் காட்டி என் வேலையைச் சந்தேகப்பட்டே.

டிரைவர்: அதான் சொல்றேன். அந்த ரெண்டு வருஷமும் தினமும் ராத்திரி ஒருத்தி மூக்கை உறிஞ்சுக்கிட்டே சோறு போட்டா. அவ தலை மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். இனிமே உங்க வேலையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்னு.

மெக்கானிக்: அதனாலதான் நம்பிக்கை, நம்பிக்கைன்னு சொல்லிக்கிட்டே இருக்கியா?

டிரைவர்: …அஞ்சு. கொஞ்சம் குறுகலா இருக்கும் இது.

மெக்கானிக்: மாப்ள, கையில வேர்வை. ராடு வழுக்குது.

டிரைவர்: துடைங்க.

மெக்கானிக்: எந்தக் கையால எந்தக் கையைத் துடைக்கிறது?

டிரைவர்: நாலு… எதிர்ல ஸ்கூல் வேன். மச்சான், ஸ்கூல் வேன் ஏறி வருது. வளைவுலேயே வர்றான்.

மெக்கானிக்: அய்யோ… துள்ளிடுச்சு.

டிரைவர்: இழுங்க.

மெக்கானிக்: விழ மாட்டேங்குது. கிளட்ச் மிதி.

டிரைவர்: மிதிச்சுட்டேன். முப்பத்தஞ்சு. பிரேக் ஆழமாப் போகுது. மணி அடிக்குது மச்சான், காத்து மணி அடிக்குது.

மெக்கானிக்: மணியை விடு. கிளட்ச் விட்டு, ஆக்சிலேட்டரை ஒரே உதை. திரும்பக் கிளட்ச்.

டிரைவர்: ஆக்சிலேட்டரா? இறக்கத்துலயா?

மெக்கானிக்: உதைடா.

டிரைவர்: உதைச்சாச்சு.

மெக்கானிக்: இழு… உள்ள போ… போய்த் தொலை… ஆங். விழுந்துச்சு. கிளட்ச்சை விடு. காலையும் முட்டுக் கொடுத்துட்டேன், இனி துள்ளாது. ஸ்டீயரிங்கைப் பாறைப் பக்கமா ஒடி. உராயட்டும். கண்ணாடி போனா போகுது.

டிரைவர்: போயிடுச்சு.

மெக்கானிக்: வேன்?

டிரைவர்: தாண்டிடுச்சு. பிள்ளைங்க டாட்டா காட்டுது. மச்சான், அழறீங்களா?

மெக்கானிக்: வேர்வை. கண்ணு வழியாவும் வருது. எத்தனை பிள்ளைங்க இருந்துச்சு அதுல?

டிரைவர்: எண்ணல.

மெக்கானிக்: நான் எண்ணினேன். பதினொண்ணு.

டிரைவர்: மணி நின்னுடுச்சு. காத்து ஏறுது. மூணு… இனிமே வளைவு பெரிசாயிருக்கும். அதோ கீழ பாலம் தெரியுது.

மெக்கானிக்: பேசாதே. பாலம் வர்ற வரைக்கும் பேசாதே. நானும் பேசல.

டிரைவர்: ரெண்டு.

மெக்கானிக்: …

டிரைவர்: ஒண்ணு.

மெக்கானிக்: …

டிரைவர்: சமதளம் மச்சான். ஓரமா ஒதுக்குறேன். நிக்குது… நின்னுடுச்சு. ஒண்ணாவதுல போட்டுட்டேன். கல்லு வெச்சுட்டு வர்றேன், இருங்க.

மெக்கானிக்: வெச்சியா?

டிரைவர்: நாலு சக்கரத்துக்கும் வெச்சுட்டேன். இப்ப கையை எடுங்க.

மெக்கானிக்: வரல.

டிரைவர்: என்ன வரல?

மெக்கானிக்: விரல் விரிய மாட்டேங்குது. மூடினது மூடினதுதான். ராடைக் கழட்டி என்னோட வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. பஸ்காரன் என்னமோ சொல்லிட்டுப் போறானே, திட்டுறானா?

டிரைவர்: இல்ல. இவ்வளவு நிதானமா இந்த மலையை இறங்கினவங்களை இன்னிக்குத்தான் பாக்குறேன், பின்னாடியே நிம்மதியா வந்தேன்னு சொல்லிட்டுப் போறான்.

மெக்கானிக்: நிம்மதியா வந்தானாமா?

டிரைவர்: கும்பிடு வேற போட்டான்.

மெக்கானிக்: கக்கூஸ்?

டிரைவர்: பாத்தேன். நானூறுல ஒண்ணு மட்டும் மூடி விரிசல்.

மெக்கானிக்: மாப்ள… உக்காரு. கண் டாக்டர் இல்ல.

டிரைவர்: தெரியும்.

மெக்கானிக்: இந்த பாக்ஸுக்காகத்தான் கூட வந்தேன். உள்ள மூணு கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு இரும்புக் குண்டு, அது மேல ஒரு ஸ்பிரிங், அதுக்கு மேல ஒரு மூடி. கியரை இடத்துல நிறுத்தி வைக்கிறது அந்தக் குண்டுதான். மூணு ஸ்பிரிங் போட்டேன், மூணு மூடி போட்டேன். குண்டை உள்ள விடும்போது 'டிங்'ன்னு கேக்கும். அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா, ரெண்டு 'டிங்'தான் ஞாபகம் வருது.

டிரைவர்: மூணாவது?

மெக்கானிக்: மூணாவது போடப் போறப்பத்தான் கதையில போலீஸ்காரர் வந்துட்டாரே. நீ சிரிச்சு காலை உதைச்சே, சாமான் வெச்ச தட்டு கவுந்துச்சு, எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டேன், கதையை முடிக்கிற அவசரம் எனக்கு. குண்டு எங்க போச்சுன்னு பாக்கல.

டிரைவர்: மறுநாளே சொல்லியிருக்கலாமே.

மெக்கானிக்: எப்படிச் சொல்றது? ஒரு கட்டில் போல்ட்டுக்கு ரெண்டு வருஷம் முறைச்சவன் நான். இப்ப வந்து, ஆமா மாப்ள, நான் குண்டு போடாம மூடிட்டேன்னு எந்த வாயால சொல்றது? சும்மா திறந்து பாக்கலாமா, ஆயில் பாக்கலாமான்னு நாலு தடவை கேட்டேன். நம்பிக்கைன்னு சொல்லி நாலு தடவையும் வாயை அடைச்சுட்டே. இன்னிக்கு நீ பாரம் ஏத்திக்கிட்டு மலை இறங்கப் போறேன்னு தங்கச்சி சொன்னா. ஓடி வந்து ஏறிக்கிட்டேன். கியர் துள்ளினா புடிச்சுக்கலாம்னு.

டிரைவர்: அதான் கோழி மாதிரி…

மெக்கானிக்: அதான். கடையில தேடினேன், அந்த அளவுல குண்டு கிடைக்கல. ஸ்பேனர் பை இதோ இருக்கு. எந்த மூடின்னு எனக்கு கண்ணை மூடிக்கிட்டும் தெரியும். ஒரே ஒரு குண்டு கையில இருந்திருந்தா, மேல டீக்கடையிலயே பத்து நிமிஷ வேலை மாப்ள. பத்தே நிமிஷம். அந்தப் பிள்ளைங்க டாட்டா காட்டினப்ப… திட்டணும்னா திட்டிடு. இந்தத் தடவை நான் கோச்சுக்க மாட்டேன். என்ன பாக்குறே? ஏன் திரும்பவும் பாக்கெட்டுக்குள்ள கையை விடுறே?

டிரைவர்: கையை நீட்டுங்க மச்சான்.

மெக்கானிக்: விரல்தான் விரியலைன்னு சொன்னேனே.

டிரைவர்: அந்தக் கை இல்ல. இந்தக் கை.

மெக்கானிக்: என்னது… சில்லுன்னு… மாப்ள, இது…

டிரைவர்: அன்னிக்குச் சாயங்காலமே வண்டிக்கு அடியில கிடந்துச்சு. பிள்ளையோட விளையாட்டுச் சாமானா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். போன வாரம் பாலத்து இறக்கத்துல ஒரு தடவை துள்ளினப்பகூட வாயைத் திறக்கல… இது எதோடதுன்னு கேட்டா நீங்க மறுபடியும் கேட்டுக்கு வெளிய போய் நின்னுடுவீங்களேன்னு, பத்து நாளா இங்கதான் வெச்சிருக்கேன் மச்சான். பதினாலு வளைவும் சேத்து.